முப்பது லட்சம்

முப்பது லட்சம் என்றார் டொக்டர்.
சீட்டு விழுந்தவன் போல நிமிர்ந்தேன்.
"ஒன்றரைக் கோடியாவது இருக்க வேணும்."
சரிதான்.
கொழும்பில் முப்பது லட்சத்துக்கு
ஒரு பேர்ச் காணிகூட வராது.

அதிலும் பாதி நீந்தவில்லையாம்.
தலை வீங்கி, வால் சுருண்டு,
நின்ற இடத்திலேயே நடுங்குதுகளாம்.
ஆமர் வீதிச் சந்தி, பின்னேரம் ஐந்தரை
என்று நினைத்துக்கொண்டேன்.
சொல்லவில்லை.

"என்ன வேலை செய்றீங்க?"

ஆறு வருசத்தில்
இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.
கேட்டதெல்லாம் பிலோமினாவிடம்.
அவளுக்குத்தான் சாயம் ஏற்றிப் படம் பிடித்தார்கள்,
அவள்தான் கொச்சிக்கடை அந்தோனியாருக்குப்
பதின்மூன்று செவ்வாய் நேர்ந்து
பிறகு இன்னொரு பதின்மூன்று நடந்தாள்.
என் அம்மா பேசிய பேச்சைக்
காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றினமாதிரி என்பாள்.
ஈயம் அப்போது
வேறோரிடத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

பற்றரி வேலை, டொக்டர். பஞ்சிகாவத்தை.
கடைக்குப் பின்னால் தகரக் கொட்டில்.
செத்த பற்றரியைக் கோடரியால் பிளந்து
தட்டை உருவி, உருக்கி,
அச்சுப் பாண் அளவில் கட்டி எடுப்போம்.
பின்னேரத்தில் நாக்கில் லேசாய் ஒரு இனிப்பு நிற்கும்.
அதே கையால் பனிஸ் தின்போம்.
சுமனபால முதலாளி முகமூடி தந்தவர்,
ஒன்று,
வெள்ளம் வந்த வருசம்.

அவர் எழுதிக்கொண்டே போனார்.
உடம்புக்குள்ளும் துருப்பிடிக்குமாம்.
ஈயம் போய்க் குந்தின இடத்தில்
நெருப்பில்லாத ஒரு புகைச்சல்,
பிறக்க இருந்ததின் வாலை அரிக்குமாம்.
துருவோடு மல்லுக்கட்டுகிற சத்துகள் உண்டு:
நெல்லி, கொய்யா, கச்சான், வல்லாரை,
துத்தநாகம் சேர்ந்த ஒரு மஞ்சள் குளிசை.

குணமாகுமா என்றேன்.
ஈயம் பூசினமாதிரியும்
பூசாதமாதிரியும் ஒரு பதில்.
பிறகு கண்ணாடியைக் கழற்றினார்:
"நெல்லிக்காய் காவல்காரன்தான்.
கள்ளனை நீங்களே தினமும்
கதவு திறந்து கூட்டி வந்தால்
அவன் என்ன செய்வான்?"

ஈ என்ற எழுத்தில்தான்
ஈதல் தொடங்குது, ஈனுதல் தொடங்குது,
ஈயமும்.
பள்ளியில் எனக்கு ஓடினது
தமிழ்ப் பாடம் ஒன்றுதான்.

பிலோமினா ரிப்போட்டை இரண்டு தரம் வாசித்தாள்.
அழவில்லை.
வேலைச் சாரத்தை எடுத்துத் தனி வாளியில் போட்டாள்.
தண்ணீர் சிலேட்டு நிறமாகும் வரை பார்த்து நின்றவள்
திரும்பாமலே கேட்டாள்:
"உங்கட அம்மாவுக்கு நீங்க சொல்றீங்களா,
நான் சொல்லவா?"

முதலாளியிடம் கெஞ்சி முன்கடைக்கு மாறினேன்.
மாதம் எட்டாயிரம் குறைவு.
அடுப்புக்குப் பதுளையிலிருந்து வாமதேவன் வந்தான்.
கலியாணம் கட்டி நாலு மாதம்;
போன் திரையில் அவளும் அவனும் ஒரு தேயிலைச் சரிவில்.
என் முகமூடியைக் கொடுத்தேன்.
அதில் ஓட்டை இருக்கு என்று வாயெடுத்தேன்.
முதலாளி கல்லாவில் இருந்தார்.

எழுபத்தைந்து நாளில் புதுசு ஊறுமாம்.
எலும்புக்குள் போன ஈயம்
அப்படி அவசரப்படாதாம், அதற்கு வருசங்கள்.
இன்று நாற்பத்தோராம் நாள்.
மருதானை நடைபாதையில் கொய்யா நூறு ரூபாய்,
பிலோமினா நாலாய் வெட்டி உப்பும் தூளும் போடுவாள்,
ஒரு துண்டு அவளும் எடுப்பாள்.
அம்மாவின் நம்பரைத் திறப்பதும் மூடுவதுமாய்
நான்.

காலையில் ஒரு கொய்யாவைக்
கொட்டிலுக்குக் கொண்டுபோய்
வாமதேவனிடம் நீட்டினேன்.
கையைக் கழுவிப்போட்டுத் தின், என்றேன்.
ஏன் அண்ணை என்று
அவன் கேட்கவில்லை.
சாரத்தில் துடைத்துவிட்டுக் கடித்தான்.